பழைய கிளாசிக் படம் பார்த்துட்டு, நமக்குத் தோணினதை எழுதுறது எப்படி

கிளாஸ்ல ஒரு பழைய படத்தைப் போட்டுக் காட்டிட்டு "உங்களுக்கு என்ன தோணுச்சோ அதை எழுதிட்டு வாங்க"ன்னு சொல்லிடுவாங்க. ரெண்டு பக்கம்தான், ஆனா உட்கார்ந்தா முதல் வரியே வராது, கடைசில நெட்ல யாரோ எழுதுனதைப் பார்த்து "காலத்தால் அழியாத காவியம்"னு ஆரம்பிச்சிடுவோம். நானும் முதல்ல அப்படித்தான் எழுதுனேன், அப்புறம் கிழிச்சுப் போட்டுட்டு திரும்ப எழுதுனேன். எங்களுக்குப் போட்டது '12 ஆங்ரி மென்', 1957ல வந்த பிளாக் அண்ட் ஒயிட் படம், சிட்னி லூமெட் இயக்குன முதல் சினிமா. அதை வச்சே சொல்றேன், நீங்க எந்தப் படம் பார்த்தாலும் இதே வழிதான்.

படத்துக்கு முன்னாடி விமர்சனம் எதுவும் படிக்காதீங்க. எந்த வருஷம், எவ்வளவு நேரம், யார் எடுத்தது, இவ்வளவு தெரிஞ்சா போதும். பக்கத்துல ஒரு பேப்பர் வச்சுக்கோங்க, ஆனா அதுல கதையை எழுத வேணாம், கதை எங்கயும் போகாது, எப்ப வேணா எடுத்துக்கலாம். உங்களுக்கு உள்ள என்ன ஆச்சுங்கிறதை மட்டும் நிமிஷத்தோட குறிச்சுக்கோங்க. இது மறுநாளே மறந்துடும், அதனாலதான் சொல்றேன்.

என் பேப்பர்ல முதல்ல இருந்தது "போர் அடிக்குது"ன்னுதான். ஒரு கொலை கேஸ், 18 வயசுப் பையன், குற்றவாளின்னு சொன்னா மரண தண்டனை, பன்னெண்டு ஜூரிங்க (குற்றவாளியா இல்லையான்னு முடிவு சொல்ல கோர்ட் கூப்பிட்ட சாதாரண ஆளுங்க) ஒரு ரூமுக்குள்ள உட்கார்ந்து பேசிட்டே இருக்காங்க, 96 நிமிஷப் படத்துல கிட்டத்தட்ட முழுசும் அந்த ரூம்தான். இதை எழுதலாமான்னு பயமா இருந்துச்சு. தாராளமா எழுதுங்க, ஆனா அதோட விட்டுடாம, அந்த நேரத்துல நான் எதுக்காகக் காத்திருந்தேன்னு உங்களையே கேளுங்க. நான் கொலை நடந்த சீனை ஃபிளாஷ்பேக்ல காட்டுவாங்கன்னு காத்துட்டு இருந்தேன். அது கடைசி வரைக்கும் வரவே இல்ல, பையன் செஞ்சானா இல்லையான்னு கூட படம் சொல்லல, அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுதான் நமக்கும் தெரியும். போர் அடிச்சதுக்குக் காரணத்தைத் தேடப் போய் எனக்கு முதல் பத்தியே கிடைச்சிடுச்சு.

அடுத்தது, எந்த இடத்துல நிமிர்ந்து உட்கார்ந்தீங்கன்னு பாருங்க. எனக்கு அந்தக் கத்தி சீன். கொலை செஞ்ச கத்தி மாதிரி வேற எங்கயும் கிடைக்காதுன்னு பேசிட்டு இருக்கும்போது எட்டாம் நம்பர் ஜூரி (ஜூரிங்களுக்கு நம்பர்தான், இவரா நடிச்சது ஹென்றி ஃபோண்டா) பாக்கெட்ல இருந்து அதே மாதிரி இன்னொண்ணை எடுத்து டேபிள்ல குத்துவார். இதை "செம சீன்"னு எழுதினா படிக்கிறவங்களுக்கு ஒண்ணுமே போய்ச் சேராது. அவர் கை என்ன செஞ்சது, மத்தவங்க என்ன பண்ணாங்க, அதுக்கு முன்னாடி நான் எதை நம்பிட்டு இருந்தேன், இதையெல்லாம் எழுதணும். நானும் அந்தக் கத்தி ஒண்ணே ஒண்ணுதான்னு நம்பிட்டேன், அதுதான் என்னை உலுக்கினது.

முடிஞ்சா ரெண்டாவது தடவை பாருங்க, முழுசா கூட வேணாம், குறிச்சு வச்ச இடங்களை மட்டும் போதும். எனக்கு கடைசி அரை மணி நேரம் மூச்சு முட்டுற மாதிரி இருந்துச்சு, நடிப்பாலன்னு நினைச்சேன். திரும்பப் பார்த்தப்போதான் பின்னாடி சீலிங் தெரியறதைக் கவனிச்சேன், ஆரம்பத்துல அது அப்படித் தெரியல. அப்புறம் தேடிப் படிச்சா லூமெட்டே இதைப் பத்தி எழுதியிருக்கார், முதல்ல கேமரா கண்ணுக்கு மேல இருந்து பார்க்குது, நடுவுல கண்ணுக்கு நேரா, கடைசில கீழ இருந்து, லென்ஸும் போகப்போக மாத்தி ரூம் சுருங்கற மாதிரி காட்டியிருக்காங்க. ஆக எனக்கு மூச்சு முட்டினது சும்மா இல்ல. "எனக்கு இப்படி இருந்துச்சு"ங்கிறதையும் "திரையில இது நடந்துச்சு"ங்கிறதையும் சேர்த்து வச்சுட்டா எழுத்து தானா நிக்கும். படிக்கிறதை மட்டும் ரெண்டாவது தடவைக்கு அப்புறம் வச்சுக்கோங்க, முதல்லயே படிச்சா அவங்க கண்ணாலதான் பார்ப்பீங்க.

சின்ன விஷயங்களை விட்டுடாதீங்க. ஒருத்தர்கிட்ட உங்களுக்கு வேர்க்கவே வேர்க்காதான்னு கேட்பாங்க, வேர்க்காதுன்னு சொல்லுவார், அப்புறம் கேள்வி மேல கேள்வி கேட்டு மடக்கும்போது அவர் நெத்தியில வேர்வை வரும். இதை நானா கண்டுபிடிச்சேன், என் கட்டுரைல எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி அதுதான்.

உறுத்தினதையும் எழுதணும். பன்னெண்டு பேர்ல ஒரு பெண் கூட இல்ல, எல்லாரும் வெள்ளைக்காரங்க. பழைய படம்தானேன்னு மன்னிச்சு விடவும் வேணாம், அதுக்காகப் படத்தையே தூக்கிப் போடவும் வேணாம், பார்க்கும்போது அது எங்க உறுத்துச்சுன்னு நேரா சொல்லுங்க.

சொந்தக் கதை எவ்வளவு வரலாம்னு நிறைய பேருக்குக் குழப்பம். மூணாம் நம்பர் ஜூரி கடைசில தன் மகன் போட்டோவைக் கிழிச்சுட்டு அழுவார். எங்க அப்பாவும் அண்ணனும் ரெண்டு வருஷம் பேசாம இருந்தது ஞாபகம் வந்து எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. நாலே வரிதான் எழுதுனேன், உடனே அந்த போட்டோவுக்குத் திரும்பி வந்துட்டேன். நாலு வரியைத் தாண்டினா படம் காணாமப் போயிடும்.

கதைச் சுருக்கம் நாலஞ்சு வரிக்கு மேல வேணாம், "அருமை", "அற்புதம்" எல்லாம் எங்க வந்தாலும் அடிச்சுட்டு அந்த இடத்துல நீங்க பார்த்ததைப் போடுங்க.

முடிக்கும்போது "அனைவரும் பார்க்க வேண்டிய படம்"னு போடாதீங்க, உங்களை விட்டுப் போகாத ஒரு காட்சியோட நிறுத்துங்க. இந்தப் படத்துல யாருக்கும் பேர் இல்ல, நம்பர்தான். கடைசில மழை விட்டு, கோர்ட் படிக்கட்டுல ரெண்டு பேர் மட்டும் ஒருத்தருக்கொருத்தர் பேர் சொல்லிக்கிறாங்க, டேவிஸ், மெக்கார்டில், அவ்வளவுதான், ஆளுக்கொரு பக்கமா போயிடுறாங்க. நான் என் கட்டுரையை அந்தப் படிக்கட்டோட நிறுத்திட்டேன்.