எழுதிக் கணக்கிட்டும் எடை ஏறுகிறதா? களி உருண்டையிலிருந்து தொடங்குங்கள்

கிருஷ்ணகிரியில் உணவு ஆலோசகராக இருக்கும் எனக்கு, புதிதாக வருபவர்களின் உணவுக் குறிப்பேட்டைப் புரட்டும்போதெல்லாம் என் பழைய குறிப்பேடே கண்முன் வந்து நிற்கிறது. அண்மையில் வந்த ஓர் இளம்பெண், ஐம்பது நாட்கள் ஒரு வேளை விடாமல் எழுதியிருந்தார். எந்த நாளும் 1,400 கலோரியைத் தாண்டவில்லை. எடையோ ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று அவர் அழுதார். மனைவி தெரியாமல் எதையோ சாப்பிடுகிறார் என்று உடன் வந்த கணவர் சொன்னார். இருவர் சொன்னதும் சரியில்லை என்பது இரண்டாம் பக்கத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் இருந்த தவறை நானே செய்து, மாதக்கணக்கான உழைப்பையும் பரிசோதனைகளுக்கான பணத்தையும் இழந்திருக்கிறேன்.

பரோட்டாவும் வறுவலும் குளிர்பானமும் எடையைக் கூட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, நேர்மையாக எழுதியும் எடை ஏறிக் குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

யாரோ ஒருவருடைய உருண்டையை நம் வட்டிலில் வைப்பது

என் இரண்டாவது குழந்தை பால் மறந்த பிறகு எடையைக் குறைக்க முனைந்தேன். அப்போது காவேரிப்பட்டணத்துக்கு அருகே மாமியார் வீட்டில் இருந்தோம். காலையில் ராகிக் களியும் கீரைக் கடைசலும், மதியம் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் எங்கள் வழக்கம். கைபேசிச் செயலியில் ‘ராகி உருண்டை 1’ என்று தேடினேன். 130 கலோரி என்று வந்தது. இரண்டு வேளைக்கு இரண்டு உருண்டை, 260 கலோரி என்று எழுதிவிட்டு, மற்றவற்றை எல்லாம் கரண்டி கரண்டியாக அளந்து எழுதினேன். இரண்டு மாத முடிவில் ஏறத்தாழ 2 கிலோ கூடியிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்தவைதான் இன்றும் என்னை வருத்துகின்றன. தைராய்டு பரிசோதனை செய்துகொண்டேன், சரியாக இருந்தது. நம்பாமல் வேறொரு ஆய்வகத்தில் மறுபடியும் செய்தேன். இரவு உணவை நிறுத்தினேன். எடை சிறிது இறங்கியது. சில மாதங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அளவு எங்கே பிழைத்தது என்று பார்க்காமலேயே உணவைக் குறைத்துக்கொண்டு போனேன்.

மாமியார் ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்த நாளில், களி கிண்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாவு எவ்வளவு போட வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டேன். “ஆளுக்கு ஒரு ஆழாக்கு மாவு, குவிச்சுப் போடு. நொய்யை முன்னாடியே வேக வெச்சிடு” என்றார். நான் அந்த ஆழாக்கைத் தராசில் வைத்தேன். தலை தட்டி அளந்தால் 100 கிராம் அளவில் நிற்கும் மாவு, அவர் வழக்கப்படி குவித்து அளந்தபோது 130 கிராம் இருந்தது. நொய்யில், அதாவது உடைந்த அரிசியில், ஓர் ஆளின் பங்கு 25 கிராம்.

கணக்கு இதுதான். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 320 கலோரியும், 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 355 கலோரியும் உள்ளன. அப்படியானால் எங்கள் வீட்டு உருண்டை ஒன்று ஏறத்தாழ 500 கலோரி. நான் எழுதியது 130. இரண்டு வேளைக்குச் சேர்த்து 740 கலோரி குறிப்பேட்டுக்கு வெளியே இருந்திருக்கிறது. அப்போது என் உடம்புக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,900 கலோரி செலவாகியிருக்கும். 1,400 சாப்பிடுவதாக நினைத்து 2,140 சாப்பிட்டிருக்கிறேன். நாளுக்கு 240 என்று 60 நாளுக்கு 14,400 கலோரி மிகுந்துவிட்டது. ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பது பொதுவாகக் கொள்ளும் கணக்கு. உடம்பு இவ்வளவு துல்லியமாக நடந்துகொள்ளாது என்றாலும், மர்மமாகத் தோன்றிய அந்த 2 கிலோ எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிட்டது.

இதை நான் விளக்கும்போது வரும் மறுமொழி என்னை இன்றும் எரிச்சலூட்டுகிறது: “ராகிதானே, சிறுதானியம் உடம்பைக் குறைக்கும் என்கிறார்களே?” ராகி அருமையான உணவு, சுண்ணாம்புச் சத்தில் அரிசி அதன் அருகில் வர முடியாது, களி உண்டால் பசியும் மெதுவாகத்தான் எடுக்கும். ஆனால் கலோரியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 100 கிராமுக்கு 35 மட்டுமே. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் சாமையும் ராகியும் விளையும் நிலத்தில் வாழ்ந்துகொண்டு, விளம்பரங்களைக் கேட்டு அவற்றை மருந்துபோல் அளவின்றி உண்ணும் பழக்கம் படித்தவர்களிடமும் பரவியிருக்கிறது.

இதே பிழை அரிசியில் வேறு உருவில் வரும். 150 கிராம் அரிசியைப் பச்சையாக எடை போட்டுவிட்டு, செயலியில் ‘சோறு’ என்பதைத் தேர்ந்தெடுப்பார்கள். வெந்த சோறு 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி என்பதால் 195 என்று பதிவாகும். உண்மையில் அந்த அரிசி 530 கலோரிக்கு மேல் தரும். அரிசி வேகும்போது நீரைக் குடித்துப் பெருக்கிறது. நீருக்குக் கலோரி கிடையாது. பச்சை எடைக்குப் பச்சைக் கணக்கு, வெந்த எடைக்கு வெந்த கணக்கு என்பதை விட்டுவிட்டால் மற்ற எல்லா அளவும் வீண்.

களிக்குச் செய்ய வேண்டியது எளிது. வெறும் பாத்திரத்தின் எடையைச் சுவரில் எழுதி வையுங்கள். மாவையும் நொய்யையும் பச்சையாக எடை போடுங்கள். 400 கிராம் மாவு, 100 கிராம் நொய் என்றால் மொத்தம் ஏறத்தாழ 1,635 கலோரி. கிண்டி இறக்கியதும் பாத்திரத்தோடு எடை போட்டு, பாத்திர எடையைக் கழியுங்கள். களி 1,600 கிராம் நின்றால் ஒவ்வொரு 100 கிராமுக்கும் 102 கலோரி. பிறகு உங்கள் உருண்டையை எடை போட்டால் போதும். பெரிதா சிறிதா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு வாரம் செய்தால் கை பழகிவிடும். தினமும் தராசு வேண்டியதில்லை.

பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டுவது

1992-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களின் ஆற்றல் செலவை அளந்து பார்த்தார்கள். அது இயல்பாகவே இருந்தது. அவர்கள் எழுதிய உணவின் அளவோ உண்மையில் உண்டதைவிடச் சராசரியாக 47 விழுக்காடு குறைவு. இதைப் படித்துவிட்டு, வருபவர்களைக் குற்றவாளியைப்போல் விசாரிக்கிற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அழுதுகொண்டிருந்த அந்தப் பெண் ஒரு வாய்கூட மறைக்கவில்லை; அவருடைய அளவுகோல்தான் அவரை ஏமாற்றியது. கணவரை அமர வைத்து இதை முதலில் சொன்னேன்.

எண்ணெய்

மாதத்தில் தீரும் லிட்டரை வீட்டில் உள்ளவர்களால் வகுத்துப் பாருங்கள்: நான்கு பேருக்கு 4 லிட்டர் கடலை எண்ணெய் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 270 கலோரி.

‘மாம்பழம் 1’

சந்தையில் கிடைக்கும் ஒரு பெரிய பெங்களூரா மாம்பழம் அரைக் கிலோவைத் தாண்டும்; செயலி நினைக்கும் மாம்பழம் அதைவிடச் சிறியதாக இருக்கலாம். பழச்சதை 100 கிராமுக்கு ஏறத்தாழ 60 கலோரி என்று எடை போட்டு எழுதுங்கள். பருவத்தில் மாம்பழத்தை அடியோடு விலக்கச் சொல்லி இந்த மாவட்டத்தில் யாரிடமும் நான் கேட்டதில்லை. அதற்குத் தேவையும் இல்லை.

ஒரு நாள் எடையைக் கண்டு உணவைக் குறைப்பது

ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், செலவுக்கு மேல் 7,700 கலோரி உண்டிருக்க வேண்டும். விருந்துக்கு மறுநாள் காலை ஏறும் எடையில் பெரும்பகுதி நீர். உடம்பு மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கருவாடும் ஊறுகாயும் மிகுந்த நாளில் உப்பு நீரை இழுக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், புதிதாக உடற்பயிற்சி தொடங்கித் தசை வலிக்கும் நாட்களிலும் இதேதான் நடக்கும். காலையில் கழிவறை சென்று வந்த பின், எதுவும் அருந்துவதற்கு முன், தினமும் எடை பார்த்து எழுதி, ஏழு நாள் சராசரியை அடுத்த ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். பெண்கள் ஒரு சுழற்சியின் அதே வாரத்தை அடுத்த சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது இன்னும் சரியாக இருக்கும்.

கைக்கடிகாரம் காட்டும் கலோரி

உடற்பயிற்சியில் செலவானதாக அது காட்டும் கலோரியை நம்பிக் கூடுதலாகச் சாப்பிடாதீர்கள்.

அளவு சரியாக இருந்தும் ஏறினால்

பச்சை எடை, எண்ணெய், சராசரி மூன்றையும் சரிபார்த்து நான்கு வாரம் ஆகியும் எடை ஏறினால் மருத்துவரைப் பாருங்கள். அப்போது பரிசோதனைக்குப் பொருள் உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவால் கூடும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோவுக்குள் இருக்கும். அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்ந்து எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள், இன்சுலின், சில மனநல மருந்துகள், வலிப்பு மருந்துகளில் சோடியம் வால்புரோயேட் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடும். எடைக்குப் பயந்து இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் செல்லும்போது மருந்துச் சீட்டுகளையும், நான்கு வார எடைக் குறிப்பையும், பச்சை எடையோடு எழுதிய உணவுக் குறிப்பையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

ஒரு வாரத்துக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றால், அது இதயமோ சிறுநீரகமோ நீரை வெளியேற்றத் தவறுவதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த நிலையில் நான்கு வாரம் பொறுத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.