பிரெஞ்சுக்காரர் முயல் வைத்துவிட்டுப் போனால்

பிரெஞ்சு இலக்கணம் ஓரளவு கைக்கு வந்த பிறகும், பாரிஸில் நாலு பேர் சிரித்துப் பேசும் மேசையில் உட்கார்ந்தால் பாதி புரியாது. மரபுத்தொடர்கள்தான் காரணம். அதற்காக நூறு தொடரைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள், வீண் வேலை.

முதலில் சின்னவற்றைப் பிடியுங்கள். "ஸா மார்ஷ்": நேர்ப்பொருள் 'அது நடக்கிறது', ஆனால் நாளைக்கு எட்டு மணிக்குப் பார்க்கலாமா என்று கேட்டாலும் இதுதான் பதில், ஆர்டர் எடுத்துக்கொண்டு போகும் பணியாளர் சொல்வதும் இதுதான். சரி, ஆகட்டும், அவ்வளவே. "ஸே பா க்ராவ்" பரவாயில்லை. "லெஸ் தோம்பே" விட்டுத்தள்ளு. "த்யு கூ" என்றால் 'அதனால', ஆனால் பலர் அதை நம்ம 'அப்புறம்' மாதிரி வாக்கியத்துக்கு வாக்கியம் செருகுவார்கள், ஒவ்வொரு தடவையும் பொருள் தேடினால் பேச்சு கைவிட்டுப் போகும்.

அடுத்து, படம் காட்டுபவை. "இல் மா போஸே அன் லாப்பேன்", எனக்கு முயல் வைத்தான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆள் வரவே இல்லை என்று அர்த்தம். அரை மணி தாமதமாக வந்தவரைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாது, வராமலே இருந்திருக்க வேண்டும். காத்திருந்தது பத்துப் பேரானாலும் முயல் ஒன்றுதான். யாராவது 'ஆப்பிள்களுக்குள் விழுந்தார்' என்றால் மயங்கி விழுந்தார், 'கரப்பான் இருக்கிறது' என்றால் மனசு சரியில்லை. வீட்டைப் பெருக்கச் சொல்லாதீர்கள். இவற்றைத் தனிச் சொல்லாக அல்ல, ஆளும் காலமும் சேர்ந்த முழு வாக்கியமாகவே நினைவில் வையுங்கள், அப்போதுதான் வாயில் வரும்.

"மெட்ரோ, புலோ, தோதோ" கேட்டிருப்பீர்கள்: மெட்ரோ, வேலை, தூக்கம், மறுபடி அதே. தொழிற்சாலை வாழ்க்கை பற்றி 1951-இல் வந்த கவிதை வரி ஒன்று சுருங்கி, 1968 மே மாதம் பிரான்ஸில் மாணவர்களும் தொழிலாளர்களும் நடத்திய போராட்டத்தில் முழக்கமாகி, இன்று அலுவலகம் போகும் எல்லோருடைய புலம்பலாகவும் இருக்கிறது. திங்கட்கிழமை காலை சொல்லிப் பாருங்கள், உடனே தலையாட்டுவார்கள்.

யாரிடம் பேசுகிறீர்கள் என்பதைத்தான் நிஜமாகவே கவனிக்க வேண்டும். நண்பனிடம் "தேங்க்யெத்", கவலைப்படாதே. மேலதிகாரியிடம் அதையே சொன்னால் 'நீ' போட்டது போலாகிவிடும், அங்கே "ந் வூ ஸேங்க்யெத்தே பா". அலுத்துப்போச்சு என்கிற "ஜான் நே மார்" கெட்ட வார்த்தை இல்லை, ஆனாலும் நேர்முகத் தேர்வில் வேண்டாம். "ஸே பா க்ராவ்" பேச்சுக்கு. மின்னஞ்சலில் இடையில் விழுங்கிய 'ந்' எழுத்தைத் திரும்பச் சேர்த்து "ஸ நே பா க்ராவ்" என்று முழுசாக எழுதுங்கள்.