டிஃபரன்ஷியல் லாக்கர் சென்சார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு ஜீப்பின் அடியில் குனிந்து பார்த்தபோது, பின்னச்சில் இருந்த லாக்கர் சென்சாரின் கப்ளர் (ஒயரை இணைக்கும் பிளக்) கழற்றப்பட்டு, ஒயர் முனையில் டேப் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. ஓட்டி வந்த இளைஞர், "சென்சார் போயிட்டு அண்ணாச்சி, கழட்டி விட்டதும் லைட்டு அணைஞ்சிட்டு" என்று நிம்மதியாகச் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே வேலையை இதே நிம்மதியோடு செய்திருக்கிறேன். அதன் விலை எனக்குத் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன். வண்டி திரும்பும்போது ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரன்ஷியல். மணலிலோ சேற்றிலோ மாட்டும்போது அதைப் பூட்டி, இரண்டையும் ஒன்றாகச் சுற்ற வைப்பது லாக்கர். பூட்டு விழுந்திருக்கிறதா என்று ஓட்டுநர் முன்னிருக்கும் பலகை விளக்குக்குச் சொல்வது சென்சார். ஃபியூஸ், பேட்டரி போன்றவற்றை யாரும் சொல்லாமலே பார்ப்பீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்த லாக்கர் என்று அறியாமல் தொடங்குவது

2020-இல் வெளிவந்த மஹிந்திரா தாரின் பின்னச்சில் வரும் இயந்திர லாக்கர், சக்கரம் வழுக்கும்போது தானாகவே பூட்டிக்கொள்வது. அதற்குச் சுவிட்சும் இல்லை, நிலை காட்டும் சென்சாரும் இல்லை. 2024-இல் வந்த தார் ராக்ஸின் நான்கு சக்கர இயக்க வகையில் மின்சாரத்தால் பூட்டும் லாக்கர் இருக்கிறது. ஜீப் ராங்லர் ரூபிகானில் இரண்டு அச்சுகளிலும் மின் லாக்கர் உண்டு; ஆனால் பொதுவாக 4-லோ (நான்கு சக்கர இயக்கத்தின் மெதுவான கியர்; 4-ஹை அதன் வேகமான கியர்) போட்டு, வேகமும் குறைவாக இருந்தால்தான் கட்டுப்பாட்டுப் பெட்டி பூட்ட அனுமதிக்கும். 4-ஹையில் சுவிட்சை அழுத்திவிட்டு, லாக்கர் வேலை செய்யவில்லை என்று சென்சாரை மாற்றக் கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அங்கே பழுது எதுவும் இல்லை, நிபந்தனை நிறைவேறவில்லை, அவ்வளவுதான்.

விளக்கை அணைப்பதற்காகச் சென்சாரைக் கழற்றி விடுவது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அப்போது நான் வேறொரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். திசையன்விளைப் பக்கம் காற்றாலைப் பராமரிப்புக்குப் போய்வரும் ஒரு ஜீப், பின்னச்சில் மின்காந்த லாக்கர் பொருத்தியது, தேரி எனும் செம்மணல் மேட்டில் புதைந்து, லாக்கரைப் போட்டு வெளியே வந்திருந்தது. சுவிட்சை அணைத்த பிறகும் பலகையில் லாக்கர் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததால் என்னை அழைத்தார்கள். அந்த வண்டியில் விளக்கு நேராகச் சென்சாரோடு இணைந்திருந்தது. பூட்டு விழுந்தால் சென்சார் எர்த் கொடுக்கும், விளக்கு எரியும். நான் கப்ளரைக் கழற்றினேன். விளக்கு அணைந்தது. சென்சார் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது என்று முடிவு செய்து, பாளையங்கோட்டைக்குக் கொண்டு வாருங்கள், புதியது போட்டுவிடலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தும் லாக்கர் விடுபடவில்லை. ஓட்டுநர் இட்டமொழி தாண்டும்வரை நேர்ச்சாலையில் எதையும் உணரவில்லை. வளைவுகளில் டயர் கிறீச்சிட்டதையும், வண்டி திரும்ப மறுத்து நேராகவே தள்ளியதையும் மணல் ஒட்டியிருப்பதால் வருவது என்று நினைத்துக்கொண்டார். நான்குநேரிக்கு முன்பு ஒரு திருப்பத்தில் பின் ஆக்சில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு) முறிந்தது.

ஏன் முறிந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இரண்டு பின் சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் அகலம் என்று கொண்டால், வண்டி 90 பாகை திரும்பும்போது வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட ஏறத்தாழ 2.35 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வளைவு பெரியதானாலும் சிறியதானாலும் இந்த வேறுபாடு மாறாது. மணலில் டயர் சறுக்கி அதைச் சமாளித்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் பிடித்துக்கொள்வதால், அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டின் மேல் ஏறுகிறது. டிஃபரன்ஷியல் இருக்கும் ஹவுசிங்கைத் (உலோகக் கூட்டைத்) திறந்தபோது, பூட்டும் வளையத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டிய ஸ்பிரிங் உடைந்து, அதன் துண்டு வளையத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. டிஃபரன்ஷியலின் உள்ளே இருக்கும் ஸ்பைடர் கியரிலும் பற்கள் போயிருந்தன. குற்றம் சாட்டி நான் கழற்றிய சென்சாரைச் சோதித்துப் பார்த்தோம். அது நல்ல நிலையில் இருந்தது. இன்றைக்கும் யாராவது ஒருவர் சோதிக்காமல் கப்ளரைக் கழற்றுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே விளக்கும் சுவிட்சும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், முதலில் சக்கரத்தைக் கேட்க வேண்டும். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, பின்னச்சைத் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டு, கை பிரேக்கை விடுவியுங்கள். கை பிரேக் பின் சக்கரங்களைப் பிடித்திருந்தால் இந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை. அதனால்தான் கட்டைகள் கட்டாயம். இப்போது ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால், லாக்கர் விடுபட்ட நிலையில் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். பூட்டியிருந்தால் சிறிதளவு ஆட்டத்தைத் தவிர இரண்டும் அசையாது. ஐந்து நிமிட வேலை. சக்கரமும் விளக்கும் ஒத்துப்போனால் பழுது லாக்கரில் இருக்கிறது. ஒத்துப்போகாதபோதுதான் சென்சாரையும் அதன் ஒயரையும் சந்தேகிக்கலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுவிட்சை அணைத்தவுடன் விளக்கு அணையாததெல்லாம் பழுதல்ல. இரு சக்கரங்களுக்கும் இடையே முறுக்கு நிற்கும்வரை பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். சில மீட்டர் நேராக ஓட்டி, தேவையானால் சிறிது பின்னுக்கு வந்து, ஸ்டீயரிங்கை மெதுவாக இருபுறமும் திருப்பினால் விடுபட்டுவிடும். அதன் பிறகும் எரிந்தால், வண்டியைத் தார்ச்சாலையில் ஏற்றாதீர்கள்.

ஒயரை விட்டுவிட்டுச் சென்சாரை மட்டும் மாற்றுவது

பின்னச்சு ஒவ்வொரு பள்ளத்திலும் ஏறி இறங்குகிறது. சட்டகத்திலிருந்து அச்சுக்கு வரும் ஒயர் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மடங்குகிறது. மேலுறை நன்றாகத் தெரியும்போதே உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் தொடர்ச்சி இருப்பதாகவே பீப் ஒலிக்கும். எனவே சுற்று வேலை செய்யும்போதே வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, அதே நேரத்தில் ஒயரை வளைத்தும் இழுத்தும் பாருங்கள். உவரி போன்ற கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்று பட்டுக் கப்ளர் ஊசிகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புதிய சென்சாரை மாட்டினால், சில வாரங்களில் அதே வண்டி அதே குறையோடு திரும்பி வரும்.

சோதிப்பதற்காக ஒயரில் ஊசி குத்துவது

குத்திய துளை வழியே நீர் இறங்கிச் செம்பை அரிக்கும். கப்ளரின் பின்பக்கமாக அளந்துகொள்ளுங்கள்.

மூன்று ஒயர் சென்சாருக்குச் சோதனை விளக்கு பிடிப்பது

ஒன்றோ இரண்டோ ஒயர் உள்ளது பெரும்பாலும் சாதாரணச் சுவிட்சு; மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்தால் போதும். மூன்று ஒயர் உள்ளது பெரும்பாலும் காந்தப்புலத்தை உணரும் ஹால் வகை. அதனுள்ளே மின்னணுச் சுற்று இருக்கிறது. சோதனை விளக்கைப் பிடித்து, 5 வோல்ட் சுற்றில் பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால், நன்றாக இருந்த சென்சாரும் அங்கேயே போய்விடும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் சேதம் வரலாம். அதற்குரிய வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, லாக்கர் நகரும்போது மூன்றாவது ஒயரில் சமிக்ஞை மாறுகிறதா என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

வாஷரை மறப்பதும் மரையில் டேப் சுற்றுவதும்

பழைய சென்சாரின் அடியில் இருந்த வாஷரின் தடிமன் தற்செயலானது அல்ல. அது மாறினால் சென்சாரின் முனை உள்ளே நிற்கும் ஆழமும் மாறி, பூட்டு விழுந்தும் விழாததாகக் காட்டும். ஒற்றை ஒயர் சுவிட்சு தன் மரை வழியாகவே எர்த் எடுக்கிறது. எண்ணெய் கசியக் கூடாது என்று அதில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் அந்த எர்த் கெட்டுப்போகலாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் சென்சாரை மட்டும் பார்ப்பது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. அதன் பின் வந்த வண்டிகளில் சென்சார் பழுது என்று சொல்லப்பட்ட பலவற்றில், கிரவுன் ஆயில் (டிஃபரன்ஷியலில் ஊற்றும் எண்ணெய்) மோர் போல வெளுத்திருந்தது. ஓடிச் சூடான ஹவுசிங் திடீரென நீரில் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, ஹவுசிங்குக்குள் காற்று போய்வரும் பிரீத்தர் குழாய் தாழ்வாக இருந்தால் அதன் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயிலை மாற்றி, பிரீத்தரை உயரத்துக்குக் கொண்டுபோன பிறகே சென்சாருக்கு வாருங்கள். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் இரும்புத்தூள் அளவுக்கு மீறி ஒட்டியிருந்தால், சென்சாரின் முனையிலும் அது ஒட்டியிருக்கக்கூடும்.

அச்சில் வெல்டிங் வைப்பது

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றாமல் வைக்காதீர்கள்.

குளிர்ந்த வண்டியில் ஒரு முறை பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவது

லாக்கரின் மின்காந்தக் காயிலிலும் ஒயரிலும் உள்ள குறை பெரும்பாலும் சூடான பிறகே தலைகாட்டும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மண் தரைக்குக் கொண்டுபோய், பூட்டி நேராக ஓட்டி, விடுவித்து மறுபடி நேராக ஓட்டி, பின்பு இரு பக்கமும் முழு வட்டம் அடித்து டயரின் ஒலியைக் கவனிக்கிறேன். இப்படி ஐந்து முறை செய்து, ஐந்து முறையும் விளக்கு சுவிட்சோடு ஒத்துப்போனால்தான் சாவியைக் கொடுக்கிறேன்.