அலைந்த குவாட் அடங்கியது

மண் தடத்தில் வேகமெடுத்தாலே என் ரேஸ் குவாட் (நாலு சக்கர பைக்) நேரே நிற்காமல் இங்கும் அங்கும் அலைந்தது. ஒரு கடையில் டயரை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன், காசுதான் போனது.

ஞாயிறு காலை, பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். முன் டயர் இரண்டிலும் காற்றைச் சமமாக்கி, ஹேண்டில்பாரை நேராக வைத்துக் கட்டினேன். தம்பியை சீட்டில் ஏற்றினேன். ஆள் எடை இல்லாமல் அளந்தால் கணக்கு தப்பும். "இன்னும் எவ்வளவு நேரம்ணா?" என்று அவன் புலம்பல் வேறு.

டயர்களின் நடுவில் சாக்பீஸ் கோடு. அச்சு உயரத்தில் முன்பக்கம் கோட்டுக்குக் கோடு அளந்தேன். வண்டியை உருட்டி, அதே கோடுகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளந்தேன். முன்பக்கம் 8 மி.மீ. அதிகம்! இரண்டு சக்கரமும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன.

ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பிதான் டை ராட். அதன் ஒரு முனையில் இடது மரை, மறுமுனையில் வலது மரை. ராட் தானாகத் திரும்பாமல் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்தி இரு பக்கமும் சமமாகத் திருகினேன்; ஒரு பக்கம் மட்டும் திருகினால் ஹேண்டில்பார் கோணிக்கொள்ளும். முன்பக்கம் 5 மி.மீ. குறைவாக வந்ததும் நிறுத்தினேன். கேம்பரை, அதாவது சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணத்தை, மாற்றுவதாக இருந்தால் அதை முதலில் முடியுங்கள், அது டோவையும் (இந்த முன்-பின் அளவு வித்தியாசம்) கலைத்துவிடும்.

இப்போது வண்டி அலைவதில்லை. லாக் நட்டை இறுக்க மறந்து, தம்பியை மறுபடி சீட்டில் ஏற்றியது தனிக்கதை.