அம்மை என்றால் எந்த அம்மை?

போன வாரம் ஒரு பயிற்சி மருத்துவர் எழுதிய கேஸ் ஷீட்டில் இப்படி ஒரு வரி இருந்தது: "முன்பே அம்மை வந்துள்ளது. பயம் இல்லை." அதே வரியை அவர் வயதில் நானும் எழுதியிருக்கிறேன். கை கழுவுங்கள், கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுவோம். கர்ப்ப காலத்து அம்மையில் நாம் செய்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

"ஏற்கெனவே வந்திருக்கு" என்பதை நம்புவது

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்த ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் என்னிடம் வந்தார். அண்ணன் மகனுக்குச் சின்னம்மை. இரண்டு ராத்திரி ஒரே அறையில் படுத்திருக்கிறார்கள்.

"உங்களுக்கு அம்மை வந்திருக்கா?"

"ஆமாங்க டாக்டர், ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது."

"அப்போ பயமில்லை. எதுக்கும் கொப்புளம் தெரிஞ்சா வாங்க."

பதினாறாம் நாள் வந்தார். உடம்பெல்லாம் கொப்புளம், மூச்சு வாங்கியது, எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் வெள்ளைத் திட்டுகள். ஐ.சி.யு. வாசலில் அவருடைய அம்மாவிடம் மறுபடி கேட்டேன். "அது அம்மைக்கட்டு டாக்டரம்மா. கன்னம் ரெண்டும் வீங்கிப்போச்சு. பக்கத்து வீட்டுல தங்கச் சங்கிலி வாங்கிப் போட்டுவிட்டோம்."

பொன்னுக்கு வீங்கி! அதற்கும் சின்னம்மைக்கும் சம்பந்தமே இல்லை, கிருமியே வேறு. நம் ஊரில் சின்னம்மை, தட்டம்மை, மணல்வாரி, அம்மைக்கட்டு எல்லாமே 'அம்மை'தான். கேள்வியைத் தப்பாகக் கேட்டது நான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், ஆனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீட்டு நகையெல்லாம் அடகுக்குப் போனது. இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

இப்போது இப்படிக் கேட்கிறேன்: நீர் கோத்த கொப்புளமா, வெறும் தடிப்பா, தாடை வீக்கமா? தழும்பு இருக்கிறதா? வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு போன். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் அன்றைக்கே சின்னம்மைக்கான ஐ.ஜி.ஜி. ரத்தப் பரிசோதனை, எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்க. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் சின்னம்மை தாமதமாகவே வரும். அதனால் எதிர்ப்புச் சக்தி இல்லாமலே கர்ப்பமாகிறவர்கள் இங்கே அதிகம். எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால், தொற்று பட்ட பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசி, அதாவது தயாராக உள்ள எதிர்ப்புச் சக்தியையே, போட வேண்டும். அது எல்லா ஊரிலும் கிடைக்காது, விலையும் அதிகம். தேடிப் பிடிக்கவே இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். "கொப்புளம் தெரிஞ்சா வாங்க" என்று அனுப்பினால் அந்தப் பத்து நாளும் போச்சு. சரி, கொப்புளம் வந்தேவிட்டதா? 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். மூன்று தண்ணி ஊற்றிய பிறகு வருகிறவர்களுக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

வேப்பிலை செருகிய நாளிலிருந்து கணக்குப் போடுவது

குழந்தைக்குக் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்று பரவ ஆரம்பித்துவிடும். வாசலில் வேப்பிலையைப் பார்த்துக் கர்ப்பிணியை வேறு வீட்டுக்கு அனுப்பும்போது அவருக்கு ஏற்கெனவே ஒட்டியிருக்கலாம். போன வீட்டில் இன்னொரு கர்ப்பிணி இருந்தால் இன்னும் விசேஷம்.

ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றதும் அழுவது

பெரும்பாலும் அது பழைய தொற்றோ தடுப்பூசியோ விட்டுச் சென்ற பாதுகாப்பு. நல்ல செய்திதான். புதுத் தொற்றைக் காட்டும் ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்றாலும் ஒரே ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கருவைக் கலைக்க ஓடாதீர்கள். மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும்.

ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி போட்டிருப்பார்கள் என்று நினைப்பது

தமிழகத்தில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய முகாமில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் போட்டார்கள். அன்று கல்லூரியில் படித்தவர்கள்தான் இன்று என் ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் மூன்று மாதத்தில் ரூபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றுமே பாதிக்கப்படலாம்.

கர்ப்பத்தில் அந்தத் தடுப்பூசி

கூடாது. பிரசவத்துக்குப் பிறகு.

ஐபுரூஃபன்

வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்.

பிரசவ நேரத்து அம்மையைக் குழந்தை மருத்துவரிடம் சொல்லாதது

பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரை தாய்க்குக் கொப்புளம் வந்தால், தாயின் எதிர்ப்புச் சக்தி போய்ச் சேராமலே குழந்தை பிறந்திருக்கும். பிள்ளைக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி தேவை. ராத்திரி இரண்டு மணியானாலும் போன் போடுங்கள்.