முழங்கால் மடங்கும் கோணத்தை அளந்து எச்சரிக்கும் பட்டை: முதல்முறை செய்பவர்களுக்கு

முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு பயிற்சி செய்பவரிடம் பிசியோதெரபிஸ்ட் "இப்போதைக்கு 90 டிகிரி வரை மடக்கினால் போதும்" என்பார். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து காலை மடக்கும்போது 90 எங்கே வந்தது, 100 எங்கே வந்தது என்று யாருக்கும் கண்ணால் தெரியாது. அதைத் தொடையில் ஒரு அதிர்வாகச் சொல்லும் கருவியைத்தான் இங்கே செய்யப் போகிறோம். ஓட்டோபாக் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் சி-லெக் செயற்கைக் கால் 1997-இலேயே நடையைக் கவனித்து, மூட்டின் ஹைட்ராலிக் இறுக்கத்தைத் தானே மாற்றியது. நம் கருவி அவ்வளவு தூரம் போகாது. இது அளக்கும், ஆள் உட்கார்ந்திருக்கிறாரா நடக்கிறாரா என்று பார்த்து அதற்கேற்ப எச்சரிக்கும். மூட்டை இழுக்கவோ தடுக்கவோ மோட்டார் வைக்கும் வேலையை முதல் முயற்சியில் எடுக்காதீர்கள். கோடிங்கில் ஒரு பிழை வந்தால் அடி படுவது மூட்டுக்கு.

மடக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்ன காலுக்கு, கோணத்தில் பூட்டு போடும், கீல் வைத்த ஹிஞ்ச் பிரேஸ்தான் தேவை. நம் கருவி எல்லை தாண்டிய பிறகுதான் அதிரும்.

தேவையான பொருட்கள்

கருவியின் மூளையான ஈஎஸ்பி32 போர்டு 1, சாய்வையும் சுழலும் வேகத்தையும் அளக்கும் எம்பியூ6050 சென்சார் மாட்யூல் 2, 10 மில்லிமீட்டர் காயின் அதிர்வு மோட்டார் 1, 2என்2222 டிரான்சிஸ்டர் 1, 1 கிலோஓம் ரெசிஸ்டர் 1, 1என்4148 டயோடு 1, பாதுகாப்பு சர்க்யூட் உள்ள 500 எம்ஏஎச் லித்தியம் பாலிமர் பேட்டரி, டிபி4056 சார்ஜர் மாட்யூல், வோல்ட்டை உயர்த்தும் எம்டி3608 பூஸ்ட் மாட்யூல், ஸ்விட்ச், 5 சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக் பட்டை, வெல்க்ரோ, 28 கேஜ் சிலிக்கான் வயர். சரிபார்க்க, மூட்டின் கோணத்தை அளக்கும் ஒரு பிளாஸ்டிக் கோனியோமீட்டர்.

பல இடங்களில் முழங்கால் சிப்பிமேல், வளைவை அளக்கும் ஃபிளெக்ஸ் சென்சார் ஒட்டச் சொல்வார்கள். வேண்டாம். கால் மடங்கும்போது துணி நகரும், சென்சார் வளையும் இடமும் மாறும், ஒரே கோணத்துக்குக் காலையில் ஒரு எண், மாலையில் ஒரு எண் வரும். தொடையில் ஒன்று, கீழ்க்காலில் ஒன்று என இரண்டு சென்சார் வைத்து, ஒன்றின் சாய்விலிருந்து மற்றதன் சாய்வைக் கழித்தால் முழங்கால் கோணம் கிடைத்துவிடும்.

படி 1: மின்சாரம்

டிபி4056 மாட்யூல் கடையிலிருந்து வரும்போது 1 ஆம்பியரில் சார்ஜ் செய்யும். 500 எம்ஏஎச் பேட்டரிக்கு அது இரண்டு மடங்கு வேகம். பேட்டரி சூடாகி உப்பும். மாட்யூலில் இருக்கும் 1.2 கிலோஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 5 கிலோஓம் போடுங்கள். மின்னோட்டம் 250 மில்லிஆம்பியராகக் குறையும். சரியாக 5 கிடைக்காவிட்டால் 5.1 போதும்.

பேட்டரியை நேராக ஈஎஸ்பி32-இன் 5 வோல்ட் பின்னில் கொடுத்தால் போர்டு ஓடுவதுபோல் தெரியும், புளூடூத் தொடங்கியதும் ரீசெட் ஆகும். போர்டில் வழக்கமாக இருக்கும் ரெகுலேட்டருக்கு 1 வோல்ட்டுக்கு மேல் இடைவெளி வேண்டும், 3.7-இல் அது கிடைக்காது. அதற்குத்தான் பூஸ்ட் மாட்யூல். போர்டை இணைக்கும் முன்பே மல்டிமீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குத் திருகி வையுங்கள். திருகு முதல் பல சுற்றுகளுக்கு எதுவும் மாறாததுபோல் இருக்கும், பொறுமையாகச் சுற்றுங்கள்.

ஸ்விட்ச் பேட்டரிக்கும் பூஸ்ட்டுக்கும் நடுவே வர வேண்டும். சார்ஜ் செய்யும்போது அதை அணைத்துவிடுங்கள். காலில் கட்டிக்கொண்டு சார்ஜ் போடவே கூடாது.

படி 2: வயரிங்

இரண்டு சென்சாருக்கும் 3.3 வோல்ட், கிரவுண்ட், எஸ்டிஏ (தரவு), எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்பு) என நான்கு வயர். எஸ்டிஏ பின் 21-க்கும் எஸ்சிஎல் பின் 22-க்கும் போகும். கீழ்க்கால் சென்சாரில் மட்டும் ஏடி0 பின்னை 3.3 வோல்ட்டில் இணையுங்கள். அப்போது தொடை சென்சாரின் முகவரி ஹெக்ஸ் 68, கீழ்க்கால் சென்சாரின் முகவரி ஹெக்ஸ் 69. இதை மறந்தால் இரண்டும் ஒரே முகவரியில் பதில் சொல்லும், எண்கள் குழம்பும்.

மோட்டாரை பின்னில் நேராகக் கட்டாதீர்கள். காயின் மோட்டார் 80 மில்லிஆம்பியர் வரை இழுக்கும், ஈஎஸ்பி32 பின் தாங்குவது அதிகபட்சம் 40. பின் 25-இலிருந்து 1 கிலோஓம் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் மோட்டாருக்கு, மோட்டாரின் மறுமுனை 3.3 வோல்ட்டுக்கு. டயோடு மோட்டாரின் இரு முனைக்குக் குறுக்கே, கோடு போட்ட பக்கம் 3.3 வோல்ட் பக்கமாக.

ஈஎஸ்பி32 தொடைப் பட்டையிலேயே இருக்கட்டும். முழங்காலைத் தாண்டுவது நான்கு வயர் மட்டுமே. ஒற்றைக் கம்பி வயர் மடங்கி மடங்கி உள்ளுக்குள் அறுந்துவிடும், வெளியே உறை நன்றாக இருக்கும், தேடித் தேடிச் சலிப்பீர்கள். பல இழை உள்ள சிலிக்கான் வயர்தான் தாங்கும். அதைச் சிப்பியின்மேல் கொண்டுபோகாமல் வெளிப்பக்கமாக விட்டு, 5 சென்டிமீட்டர் தளர்வு வையுங்கள்.

படி 3: கட்டும் இடம்

கருவி சரியாக ஓடுமா என்பது பாதிக்குமேல் இங்கேதான் முடிவாகிறது. தொடை சென்சார் தொடையின் வெளிப்பக்கம், நடுவில். முன்பக்கம் வைத்தால் தசை இறுகும்போதெல்லாம் சென்சார் தூக்கிக்கொடுக்கும், கால் அசையாமலே கோணம் மாறும். கீழ்க்கால் சென்சாரும் வெளிப்பக்கம், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில்.

முழங்காலின் வெளிப்பக்கத்தில், சற்றுக் கீழே, விரலில் ஓர் எலும்பு முடிச்சு தட்டுப்படும். அதற்கு அடியில் ஒரு நரம்பு தோலை ஒட்டியே சுற்றிப் போகிறது. பாதத்தை மேலே தூக்க உதவுவது அதுதான். அங்கே பட்டையை இறுக்கினால் பாதத்தின் மேற்பக்கம் மரத்துப்போகும். ஆகவே முடிச்சிலிருந்து நான்கு விரல் கீழே தள்ளித்தான் பட்டை தொடங்க வேண்டும். பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும், கால் வீங்கியிருப்பவர்களும் கட்டக் கூடாது.

மாட்யூலில் அச்சிட்டிருக்கும் ஒய் அம்புக்குறி இரண்டிலும் இடுப்பை நோக்கியும், சிப் இருக்கும் முகம் வெளியே பார்த்தும் இருக்கட்டும். மோட்டாரை சென்சாருக்குப் பக்கத்தில் தைக்காதீர்கள், தொடையின் உட்பக்கத்துக்குக் கொண்டுபோங்கள்.

படி 4: கோணம் கணக்கிடுவது

சென்சாருக்குள் அமைப்புகளை எழுதும், படிக்கும் எண்ணிட்ட இடங்கள்தான் ரெஜிஸ்டர். முதலில் 107-ஆம் ரெஜிஸ்டரில் 0 எழுதினால்தான் சென்சார் தூக்கத்திலிருந்து எழும். 117-ஆம் ரெஜிஸ்டரைப் படித்தால் 104 வர வேண்டும். முகவரியை 69-க்கு மாற்றியிருந்தாலும் அதே 104-தான். 112 வந்தால் உங்களுக்கு விற்றது எம்பியூ6500, அதிலும் இந்த வேலை நடக்கும்.

27-ஆம் ரெஜிஸ்டரில் 8 எழுதுங்கள். கைரோவின், அதாவது சுழலும் வேகத்தை அளக்கும் பகுதியின், அளவு நொடிக்கு 500 டிகிரி ஆகும், வரும் எண்ணை 65.5-ஆல் வகுக்க வேண்டும். இதைச் செய்யாமல் 250-இலேயே விட்டால், உட்கார்ந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். நடந்தால் கீழ்க்கால் வீசும் வேகம் 250-ஐத் தாண்டும், எண் 32767-இல் முட்டி நிற்கும், கோணம் குறைவாகக் காட்டும். 26-ஆம் ரெஜிஸ்டரில் 3 எழுதினால் தேவையற்ற நடுக்கம் வடிகட்டப்படும்.

பட்டையைக் கட்டும் முன் சென்சார்களை மேசையில் அசையாமல் வைத்து 200 அளவு எடுத்து, கைரோவின் சராசரியைக் கழித்துவிடுங்கள். பிறகு நொடிக்கு 100 முறை, ஒவ்வொரு சென்சாருக்கும்:

கோணம் = 0.98 × (பழைய கோணம் + இசட் கைரோ × 0.01) + 0.02 × ஈர்ப்புக் கோணம்

ஈர்ப்புக் கோணம் என்பது எக்ஸ், ஒய் முடுக்கங்களின் ஆர்க்டேன்2 (இரண்டு எண்களிலிருந்து கோணம் தரும் ஃபங்ஷன்), எக்ஸ் முதலில், டிகிரியில். கைரோ வேகமான அசைவைப் பிடிக்கும், ஆனால் மெல்ல நழுவும். ஈர்ப்பு நழுவாது, ஆனால் குதிகால் தரையில் படும் ஒவ்வொரு முறையும் துள்ளும். அதனால் மொத்த முடுக்கம் 0.8-க்கும் 1.2 ஜி-க்கும் வெளியே போனாலோ, மோட்டார் அதிர்ந்துகொண்டிருந்தாலோ அந்தச் சுற்றில் ஈர்ப்பை விட்டுவிடுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் எக்ஸ், ஒய் இரண்டிலும் ஈர்ப்பு விழாது. இந்த முறை அங்கே வேலை செய்யாது.

கட்டியபின் நேராக நிமிர்ந்து 2 நொடி நில்லுங்கள். அப்போது வரும் வித்தியாசத்தை 0 என்று வையுங்கள்.

படி 5: சரிபார்த்தல்

கோனியோமீட்டரின் மையம் முழங்காலின் வெளிப்பக்க எலும்பில், ஒரு கை இடுப்புக்கு அருகே தொடையெலும்பின் பக்கவாட்டு மேட்டை நோக்கி, மற்றது வெளிக் கணுக்காலை நோக்கி. 0, 30, 60, 90-இல் ஒப்பிடுங்கள். 5 டிகிரிக்குள் இருந்தால் போதும். எல்லா இடத்திலும் ஒரே அளவு பிசகினால் நிற்கும்போது முட்டி லேசாக மடங்கியிருந்தது என்று பொருள். மடக்க மடக்கப் பிசகு கூடினால் ஏதோ ஒரு பட்டை முன்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. மடக்கியதும் எண் எதிர்ப்பக்கம் ஓடி, அரை நொடியில் திரும்பி வந்தால் கைரோவின் குறி தலைகீழ். அடுத்த காலுக்கு மாற்றிக் கட்டினால் கோணம் மைனஸில் வரும், குறியை மாற்றினால் சரி.

படி 6: ஆளுக்கேற்ற எச்சரிக்கை

எல்லை என்ன என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். அதைத் தாண்டினால் 0.2 நொடி அதிர்வு. எல்லைக்கு 5 டிகிரி கீழே இறங்கிய பிறகுதான் அடுத்த எச்சரிக்கைக்குத் தயாராக வேண்டும், இல்லாவிட்டால் எல்லையிலேயே காலை வைத்திருப்பவருக்குத் தொடர்ந்து குடையும்.

சாதாரண நடையிலேயே முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் 60 டிகிரி வரை மடங்கும். எல்லை 60 என்றால் அடிக்கு ஒருமுறை அதிரும், பத்தே நிமிடத்தில் கழற்றி வீசிவிடுவார்கள். கடந்த 2 நொடியில் கீழ்க்கால் சுழலும் வேகம் பலமுறை நொடிக்கு 100 டிகிரியைத் தாண்டி, தொடையும் செங்குத்துக்கு 45 டிகிரிக்குள் இருந்தால் அது நடை. அப்போது மீறல் 0.3 நொடி நீடித்தால்தான் அதிர வேண்டும். தொடை 60 டிகிரிக்குமேல் சாய்ந்திருந்தால் உட்கார்ந்திருக்கிறார். அங்கே உடனே எச்சரிக்கலாம், 30 நிமிடம் அசையாவிட்டால் காலை நீட்டச் சொல்லி ஒரு நீண்ட அதிர்வும் தரலாம்.

முதல் நாள் 20 நிமிடம் மட்டும் கட்டி, கழற்றித் தோலைப் பாருங்கள். பட்டைத் தடம் அரை மணியில் மறையாவிட்டால் இறுக்கம் அதிகம். வைஃபையை அணைத்து வைத்தால் பேட்டரி 3 முதல் 5 மணி நேரம் வரும். வியர்வையில் பட்டை சீக்கிரமே நாறும். எலெக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றையும் வெல்க்ரோ பையில் வைத்துவிட்டால் பட்டையை மட்டும் உருவித் துவைக்கலாம். திரும்ப மாட்டிய பிறகு 2 நொடி நிமிர்ந்து நின்று 0 வைக்க மறக்காதீர்கள்.