அந்தக் காத்து எங்க போச்சு?

மாயாஜால நாவல்கள் குவிந்து கிடக்கின்றன. அதில் கட்டாயம் படிக்க வேண்டியது எது என்று கண்டுபிடிக்க நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் புத்தகத்தில் இருக்கும் கற்பனை உலக வரைபடம், வம்சப் பட்டியல் எதையும் பார்க்காதீர்கள். நேரே கதைக்குள் போய் ஐம்பது பக்கம் படியுங்கள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, இந்த மாதிரிப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் கதையை வாயால் சொல்லுங்கள். விநோதப் பெயர்கள் வேண்டாம். 'ஒரு பையன் இருந்தான்' என்று தொடங்கினால் போதும்.

நான் சொல்வது சென்னை காசிமேட்டில் மீன்பிடிக்கும் என் அண்ணனிடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அண்ணன் கிழிந்த வலையை மடியில் போட்டு, ஒவ்வொரு கண்ணாக முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்பார். கை நிற்காமல் ஓடினால் கதை சுமார். ஊசி பாதியில் நின்றால் மேலே படிப்பேன்.

ஒருமுறை, மந்திரவாதி ஒரே சொல்லில் புயலை அடக்கியதைச் சொன்னேன். “சரிடா, காத்த நிறுத்திட்டான். அந்தக் காத்து எங்க போச்சு?” என்றார். அந்த நாவலில் கடைசிப் பக்கம் வரை பதில் இல்லை. காற்றுக்கு விலை கொடுத்த குடும்பம் எங்களுடையது; எனக்கு அது உறுத்தியது.

உர்சுலா கே. லெ குவின் எழுதி 1968-இல் வெளிவந்த 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலில் பதில் இருந்தது. ஒரு தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவு வறண்டு போகலாம், கிழக்கே கடலை அமைதியாக்கினால் மேற்கே புயல் அடிக்கலாம் என்று மந்திரம் படிக்கும் பையனுக்கு அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். அவனோ வீம்புக்கு ஒரு மந்திரம் போட்டு, இருட்டிலிருந்து ஒரு நிழலை வெளியே விட்டுவிடுகிறான். அவன் முகம் கிழிகிறது. காப்பாற்ற வந்த பெரியவர் தன் பலமெல்லாம் செலவாகி இறந்துபோகிறார். மந்திரத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று காட்டுகிற இப்படிப்பட்ட நாவல் கிடைத்தால் விடாதீர்கள். சண்டைக் காட்சி, வர்ணனை எல்லாம் அப்புறம்தான்.

முடிவை மட்டும் சொல்லாமல் வையுங்கள். தடைக்காலம் முடிந்து அண்ணன் படகேறியபோது, அந்த நிழல் பையனைத் துரத்திக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கரைக்கு வந்தவர், மீனை இறக்குவதற்கு முன்பே படகிலிருந்து கத்தினார்: “அந்த நிழலு இன்னாடா ஆச்சு?”